ஆகாயத் திண்ணை

விழுப்புரத்தில் நமது வீட்டு மொட்டை மாடியில் ஒரு நீண்ட மூங்கில் நட்டிருக்கிறது. அதன் உச்சியிலிருந்து இரு புறமும் செப்புக் கம்பி சரிந்து இறங்கி, ஒரு நுனி கொல்லைத் தென்னையிலும் மற்றொரு நுனி பக்கத்துச் சுவரின் ஆணியிலும் முடிகிறது. இந்தக் கம்பியைப் பற்றி எங்கள் தெருவில் பலவிதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. இடிதாங்கி என்பது ஒரு கட்சி. பணம் கட்டாமல் டெலிவிஷன் பார்ப்பதற்கு உபாத்தியாயர் கண்டுபிடித்திருக்கும் தந்திரம் என்பது மற்றொரு கட்சி. எதிர் வீட்டுப் பாட்டியோ, "பாவம், துணி உலர்த்த இவ்வளவு உயரம் ஏற வேண்டியிருக்கிறதே!" என்று நமது மனைவியிடம் அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனாள்.

உண்மை என்னவென்றால், அந்தக் கம்பியின் மூலமாக நாம் தினந்தோறும் காலையில் திண்டிவனத்திலுள்ள ஒரு சிநேகிதருடன் க்ஷேமலாபம் விசாரித்துக்கொள்கிறோம். அவர் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். நம்மைவிட இருபது வயது மூத்தவர். இந்த வித்தையில் நமக்குக் குருவும் அவரே.

"அதற்குச் செல்பேசி இருக்கிறதே? பத்து விநாடியில் பேசி முடிக்கலாமே?" என்று நமது மனைவி கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கு உடனே விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. விடை தெரிய வந்தது 2024-ஆம் வருஷத்துப் புயலின்போதுதான். அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

திண்ணையின் பூர்வீகம்

இந்தப் பொழுதுபோக்குக்கு 'ஹாம் ரேடியோ' என்று உலகமெங்கும் பெயர் வழங்குகிறது. தமிழில் அமெச்சூர் வானொலி எனலாம். நாம் பாட்டுக் கேட்கும் ரேடியோவில் ஒருவர் பேசுவார், ஊரெல்லாம் கேட்கும், பதில் சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொருவர் வீட்டிலும் பேசும் யந்திரமும் உண்டு, கேட்கும் யந்திரமும் உண்டு. சம்பளம் இல்லை, கட்டணம் இல்லை, வியாபாரம் கூடவே கூடாது. நடுவில் கம்பெனி எதுவும் இல்லை. இந்த வீட்டுக் கம்பியிலிருந்து அந்த வீட்டுக் கம்பிக்கு அலை நேரே செல்கிறது.

நமது முன்னோர் வீட்டு வாசலில் திண்ணை கட்டினார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் பேசுவது ரகசியமல்ல. தெருவோடு போகிறவனும் கேட்கலாம், களைத்தவன் உட்காரலாம், விஷயம் தெரிந்தவன் ஒரு வார்த்தை சேர்க்கலாம். ஹாம் ரேடியோ ஆகாயத்தில் கட்டிய திண்ணை.

இந்தத் திண்ணைக்கு நமது தேசத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்த என்பவர் அனுமதி பெற்று அமெச்சூர் நிலையம் நடத்தினார். சென்னையில் 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஏற்பட்டது. பொழுதுபோக்காக ரேடியோவில் ஈடுபட்டவர்கள் கூடி, 40 வாட் சக்தியுள்ள யந்திரத்தை வைத்துக்கொண்டு ஜனங்களுக்குச் சங்கீதமும் பிரசங்கமும் ஒலிபரப்பினார்கள். 1927-இல் பணமுடையினால் கிளப் ஓய்ந்தது. அதன் யந்திரத்தைப் பெற்றுக்கொண்டுதான் சென்னை நகரசபை 1930-இல் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அகில இந்திய ரேடியோ சென்னைக்கு வந்தது 1938-இல். ஆகவே சென்னையின் வானொலிக்கு விதை போட்டவர்கள் கைக்காசைச் செலவழித்த பொழுதுபோக்குக்காரர்களே.

1939-இல் மகாயுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் இந்த அனுமதிகளையெல்லாம் ரத்து செய்தது. கையில் யந்திரமும் மனதில் சுதந்திர தாகமும் உள்ளவர்களிடம் அதற்கு எவ்வளவு பயம் இருந்தது என்பதற்கு 1942-ஆம் வருஷமே சாட்சி. அந்த ஆகஸ்டு மாதத்தில், தலைவர்கள் சிறை புகுந்த பிறகு, பம்பாயில் இருபத்திரண்டு வயதுப் பெண்மணி உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய நிலையத்தை இடம் மாற்றி இடம் மாற்றி நடத்தினார்கள். நவம்பர் 12-ந் தேதி பிடிபட்டு அவர் நான்கு வருஷச் சிறைவாசம் ஏற்றார். சர்க்கார் வாயை மூடிய காலத்தில் தேசம் பேசியது ஒரு பெட்டியின் வழியாகத்தான்.

சுதந்திர தேசத்தில் அந்த ஒளிவு மறைவு தேவையில்லை. மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகாவைச் சேர்ந்த டபிள்யூ.பி.சி. பிரிவு பரீட்சை வைத்து அனுமதி அளிக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் எழுதலாம். தேறியவர்களுக்கு 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அது உலகத்தில் வேறு ஒருவருக்கும் இராது. பிரதம மந்திரியாக இருந்த ராஜீவ் காந்திக்கும் இப்படி ஒரு குறி இருந்தது. திண்ணையில் அவரும் வி.யூ.தான், நாமும் வி.யூ.தான்.

யந்திரம் வாங்கிய கதை

அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததும் நாம் செய்த முதற் காரியம் ஒரு தவறு. பார்வைக்கு அழகாக, போலீஸ்காரர் வைத்திருப்பதுபோல் இருந்த ஒரு கைக்கருவியை நல்ல விலை கொடுத்து வாங்கினோம். வாக்கி-டாக்கி என்று ஜனங்கள் சொல்லும் ஜாதி. ஐந்து வாட் சக்தி. "இது எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் யோசிக்காமல், "ஐம்பது கிலோமீட்டர் ஸார்!" என்றார். திண்டிவனம் நேர்கோட்டில் சுமார் 37 கிலோமீட்டர்தானே என்று நாமும் நம்பினோம்.

பெரியவர் ஒரு நாள் விழுப்புரம் வந்து திரும்பும்போது பரீட்சித்துப் பார்த்தோம். நாம் சாலையோரத்தில் நின்றோம். அவர் தம் கைக்கருவியுடன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முண்டியம்பாக்கம் வரையில் குரல் கேட்டது. விக்கிரவாண்டி வருவதற்குள் இரைச்சலில் கரைந்துவிட்டது. நாம் சாலையில் நின்று கத்தியதைப் பார்த்து ஒரு பசு மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் பெரியவர் விளக்கம் சொன்னார். "ஸார், கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. பூமி உருண்டை என்பதை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள்!"

பள்ளிக்கூடத்தில் தினம் அதையே சொல்லிக்கொடுக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைத்தது. கைக்கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 'இரண்டு மீட்டர்' அலை, நமது தேசத்தில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. இது ஏறக்குறைய வெளிச்சத்தைப்போல் நேராகச் செல்லும். தொடுவானத்தைத் தாண்டினால் மிக விரைவில் தேய்ந்துபோகும். கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், ரேடியோ அலைக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தரையில் நிற்பவன் கையிலுள்ள கருவி ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் தூரம் 5 கிலோமீட்டர். எதிராளிக்கும் அவ்வாறே 5. மொத்தம் பத்து. முண்டியம்பாக்கத்தோடு குரல் நின்றதன் ரகசியம் இதுதான்.

இரண்டு வீட்டிலும் ஆன்டெனாவை 10 மீட்டர் உயர்த்தினால் 26 கிலோமீட்டர். இரண்டிலும் 20 மீட்டர் உயர்த்தினால் 37 கிலோமீட்டர். அதாவது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள சமவெளியைக் கடந்துவிடலாம். செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை சுற்றுத் தரைக்கு மேல் சுமார் 240 மீட்டர் உயரம். கணக்குப்படி அதன் உச்சிக்குத் தொடுவானம் 64 கிலோமீட்டர். இரண்டு ஊரும் அதற்குள் அடக்கம். கோட்டை கட்டியவர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. உயரத்தின் அருமை மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகையால் யந்திரம் வாங்கப் போகிற வாசகர்களுக்கு நாம் சொல்லும் முதல் புத்திமதி இது: காசைப் பெட்டியில் போடாதீர்கள், கம்பியில் போடுங்கள். சக்தியைப் பத்து வாட்டிலிருந்து நூறு வாட்டாக உயர்த்தினால் எதிராளியின் மீட்டரில் முள் இரண்டு படிகூட முழுதாக ஏறாது. ஆன்டெனாவை மரத்துக்கு மேல் உயர்த்திப் பாருங்கள்; ஊமைக்கு வாய் வந்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது, பெட்டியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளில் நூறடி தூரம் இரண்டு மீட்டர் அலையை அனுப்பினால் நான்கில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். மீதி முக்கால் பங்கு கேபிளைச் சூடாக்குவதோடு சரி. தடித்த ஆர்.ஜி.-213 கேபிளில் சுமார் பாதி மிஞ்சும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, கிணற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, நாம் கடைசியில் கைக்கொண்ட வழி: நாற்பது மீட்டர் அலை. இது 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. இந்த அலை ஆகாயத்தில் வெகு உயரத்தே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும் தன்மையுடையது. கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக ஏறி, பகல் வேளையில் நமது ஜில்லா முழுவதிலும் மழைபோல் இறங்கும். பூமி உருண்டையாயிருப்பது இங்கே தடையில்லை. இரவானால் கடல் கடந்த ஊர்களும் கேட்கும். இதற்கு வேண்டிய ஆன்டெனா ஒரு டைபோல். மொத்தம் 20 மீட்டர் செப்புக் கம்பி, நடுவில் வெட்டிக் கேபிள் இணைத்து, பக்கத்துக்குப் பத்து மீட்டராகக் கட்ட வேண்டியது. எங்கள் மாடியிலிருப்பது அதுவே.

பெட்டி விஷயத்தில் மூன்று வழி உண்டு. வெளிதேசத்துப் புதிய டிரான்ஸீவர், நூறு வாட் சக்தியுள்ளது, வாத்தியார் சம்பளத்தில் பல மாதங்களை விழுங்கிவிடும். பழையதை அனுபவஸ்தரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாங்கலாம். பேசியும் கேட்டும் பார்க்காமல் வாங்கலாகாது. மூன்றாவது வழியே நம் மனதுக்கு உகந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்னும் அமெச்சூர், நமது ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளைக் கொண்டே செய்யக்கூடிய 'பிட்எக்ஸ்' என்ற டிரான்ஸீவரை வகுத்து, அதன் படத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைச் செய்து பேசுகிறார்கள். சக்தி பத்து வாட்டுக்குள். சுதேசி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அத்துடன் ஒரு பன்னிரண்டு வோல்ட் பாட்டரியும், ஆன்டெனா பொருந்தியிருக்கிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும், நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். பாட்டரியை அலட்சியம் செய்யாதீர்கள். நூறு வாட் பெட்டி பேசும்போது சுமார் இருபது ஆம்பியர் குடிக்கும். பத்து வாட் பெட்டி இரண்டு மூன்று ஆம்பியரோடு திருப்தியடையும். மின்சாரம் போன நாளில் எது நெடுநேரம் உயிரோடிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இடி மின்னல் காலத்தில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் பேசுவது சட்ட விரோதம். இணையக் கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குழந்தைகள் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய முறைகேடான விற்பனையைக் கட்டுப்படுத்த 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிகள் வெளியிட்டிருக்கிறது. முதலில் பரீட்சை, பிறகு பெட்டி. அதுவரை அனுமதி பெற்ற ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பழகுங்கள்.

பொத்தானை அழுத்தினால் செவிடு

பெட்டி வந்துவிட்டது, கம்பியும் ஏறிவிட்டது. இனிப் பேசத் தெரிய வேண்டும். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் பேசியே காலந்தள்ளிய நமக்கு இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தோம். கஷ்டம் அதிலேதான் இருந்தது.

முதல் மாதத்தில் ஒரு நாள் காலை, அயனி மண்டலத்தைப் பற்றி நாம் ஒரு சிறு பிரசங்கம் செய்தோம். பொத்தானை அழுத்தியபடியே ஐந்து நிமிஷம். விட்டதும் எதிராளி பேசினார். அவர் முடித்த மறுகணமே நாம் பொத்தானை அழுத்தி இன்னும் ஐந்து நிமிஷம். அன்று மாலை பெரியவர் போன் செய்தார்.

"ஸார், வகுப்பிலே ஒரு பையன் கையைத் தூக்கினால் என்ன செய்வீர்கள்?"

"பாடத்தை நிறுத்தி என்னவென்று கேட்போம்."

"இங்கே கை தூக்கினால் உங்களுக்குத் தெரியாது, ஸார். பொத்தானை அழுத்தியிருக்கிறவரைக்கும் நீங்கள் செவிடு. விட்டால்தான் காது திறக்கும். இன்று காலையில் மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். நீங்கள் இடமே கொடுக்கவில்லை."

நமக்கு வெட்கமாய்ப் போயிற்று. அன்று அவர் கற்றுக்கொடுத்த விதி இது: எதிராளி பேசி முடித்ததும் மூன்று விநாடி சும்மாயிரு. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் பொத்தானைத் தொடு. அந்த இடைவெளி உனக்காக அல்ல. யாரோ ஒருவன், அவசரமானவன், பலவீனமான குரலுடையவன், அதில் நுழைவதற்காக.

இது வெறும் உபசாரம் என்று எண்ணுகிறவர்கள் 1912-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி இரவை நினைத்துக்கொள்ளட்டும். டைட்டானிக் கப்பலின் ரேடியோக்காரர் ஜாக் பிலிப்ஸ், பிரயாணிகளின் செய்திகளைக் கரையிலுள்ள கேப் ரேஸ் நிலையத்துக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். சுமார் பதினொரு மணிக்குப் பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலிலிருந்து எவன்ஸ் என்ற இளைஞர், தங்கள் கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்டது என்று தெரிவிக்கக் குறுக்கே வந்தார். அருகிலிருந்ததால் அவருடைய சத்தம் காதைத் துளைத்தது. பிலிப்ஸ் கோபித்து, வாயை மூடு, நான் வேலையாயிருக்கிறேன் என்ற கருத்தில் பதில் கொடுத்தார். எவன்ஸ் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, யந்திரத்தை நிறுத்திப் படுக்கப் போனார். சில நிமிஷத்தில், 11.40-க்கு, டைட்டானிக் பனிமலையில் மோதிற்று. அதன் அபாயக் குரலை மிக அருகிலிருந்த ரேடியோ கேட்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் கேட்பதற்குப் பொறுமையில்லாத ஒரு நிமிஷம் எவ்வளவு விலை பெறும் என்பதற்கு நமக்கு வேறு உதாரணம் தெரியவில்லை.

மற்ற மரியாதைகளும் திண்ணை மரியாதைகளே. புதிய அலையெண்ணுக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டும். காலியாயிருப்பதாகத் தோன்றினாலும், "இங்கே யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பேச வேண்டும், ஏனெனில் ஒருவர் குரல் நமக்குக் கேட்காமல் மற்றவருக்கு மட்டும் கேட்கக்கூடும். தன் அழைப்புக்குறியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயரில்லாமல் பேசுவது முகத்தை மூடிக்கொண்டு திண்ணையில் உட்காருவதற்குச் சமானம். பலர் கூடிப் பேசும்போது ஒருவர் தலைமை வகித்து முறை கொடுப்பார். அவர் அழைத்த பிறகே பேச வேண்டும். அரசியல் சண்டை, மதச் சண்டை, கொடுக்கல் வாங்கல் மூன்றும் வாசலுக்கு வெளியே. குறைந்த சக்தி போதுமானால் குறைந்த சக்தியிலேயே பேச வேண்டும். யாராவது வேண்டுமென்றே தொந்தரவு செய்தால் பதில் பேசலாகாது. பதில்தான் அவனுக்குத் தீனி.

எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று உண்மையாகச் சொல்வதும் மரியாதையே. தெளிவுக்கு ஐந்து வரையிலும் வலுவுக்கு ஒன்பது வரையிலும் மதிப்பெண் கொடுப்பது வழக்கம். முகஸ்துதிக்காக எல்லோருக்கும் ஐந்து, ஒன்பது என்று வழங்குகிறவர்கள் உண்டு. பரீட்சைத் தாளைத் திருத்தாமலே நூற்றுக்கு நூறு போடுகிற உபாத்தியாயரைப் போன்றவர்கள் அவர்கள். கேட்பவன் தன் ஆன்டெனாவைச் சீர்படுத்திக்கொள்ள வழியே இல்லாமற் போகிறது.

சில உபசாரச் சொற்கள் வேடிக்கையானவை. விடைபெறும்போது "எழுபத்து மூன்று" என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக்காரர்கள், 'அன்பான வாழ்த்து' என்பதற்கு வைத்துக்கொண்ட சுருக்கெழுத்து எண் அது. ஆண்கள் எத்தனை வயதானாலும் 'ஓ.எம்.', அதாவது கிழவர். பெண்கள் எத்தனை வயதானாலும் 'ஒய்.எல்.', அதாவது இளநங்கை. பதினாறு வயதுப் பையன் கிழவர். எழுபது வயதுப் பாட்டி இளநங்கை. இந்த ஒரு காரணத்துக்காகவே பெண்கள் இதில் அதிகமாகச் சேரலாம் என்பது நமது தாழ்மையான யோசனை.

வேடிக்கையை விட்டுவிடுவோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி சில தோழர்களுடன் அந்தமானில் போர்ட் பிளேருக்குச் சென்று, உலகத்து அமெச்சூர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். 26-ந் தேதி சுனாமி வந்தது. போன்கள் அற்றுப்போயின. அவருடைய பொழுதுபோக்கு யந்திரம் அன்றே நிவாரணச் செய்தி நிலையமாயிற்று. தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே தகவல் ஓடியது அந்தக் குரல்களின் வழியாக. மறு வருஷம் மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது இஸ்ரோ, அமெச்சூர்களுக்கென்றே ஹாம்ஸாட் என்ற சிறு துணைக்கோளை ஏற்றி அனுப்பிற்று. 2014 வரையில் அது வானில் நின்று நமது குரல்களை வாங்கித் திருப்பிக்கொடுத்தது.

மூன்று விநாடியில் வந்த குரல்

இப்போது நமது மனைவியின் கேள்விக்கு வருகிறோம்.

2024 நவம்பர் 30-ந் தேதி சனிக்கிழமை இரவு, 'ஃபெங்கல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. ஏறின புயல் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. நடுநிசிக்குள் செல்பேசியும் மௌனமாயிற்று.

நமது தமக்கை திண்டிவனத்தில் ஒரு பள்ளமான தெருவில் குடியிருக்கிறாள். கடைசியாக அவள் பேசியபோது, "வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டதடா" என்றாள். பிறகு பேச்சில்லை. நமது தாயார் இரவு முழுவதும் ஒரு பிடி சாதம் தொடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை சற்றே ஓய்ந்த வேளையில் பாட்டரியை இணைத்து, வழக்கமான அலையெண்ணில் பெட்டியைத் திருப்பினோம். கோயமுத்தூர் நிலையம் ஒன்று பலமாகக் கேட்டது. எங்கள் பக்கத்து நிலவரத்தை விசாரித்தது. தெரிந்ததைச் சொன்னோம். அவர் ஏதோ கேட்டார். பதில் நமது நாவில் தயாராயிருந்தது. கை பொத்தானுக்குப் போயிற்று. பழக்க விசேஷத்தால் நின்றது. ஒன்று, இரண்டு...

இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. குரலென்று சொல்வதுகூட மிகை. ஒரு அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்தை நாம் எந்த இரைச்சலிலும் கண்டுகொள்வோம்.

"எல்லா நிலையங்களும் தயவுசெய்து சற்று மௌனமாயிருங்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வருகிறது" என்றோம். எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது; அத்தனை பேரும் அடங்கினார்கள். ஆகாயமே காதைத் தீட்டிக்கொண்டதுபோல் இருந்தது. பெரியவரின் தென்னை விழுந்துவிட்டது. கம்பி ஆள் உயரத்தில் தொங்கிற்று. பத்து வாட் பெட்டியும் பாதி தீர்ந்த பாட்டரியும். நமக்கு முக்கால்வாசி புரியவில்லை. கோயமுத்தூர்க்காரருக்குச் சற்று நன்றாகக் கேட்டது. அவர் ஒவ்வொரு வாக்கியமாக வாங்கி, நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொன்னார்.

"திண்டிவனம் சொல்லுகிறார்: உங்கள் தமக்கையார், அத்திம்பேர், குழந்தைகள் இருவர், நால்வரும் நேற்று ராத்திரியிலிருந்து என் வீட்டு மாடியில் க்ஷேமமாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பயப்பட வேண்டாம். அம்மாவிடம் சொல்லிச் சாப்பிடச் சொல்லுங்கள்."

தாயார் சாப்பிடவில்லை என்பது பெரியவருக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது. தினந்தோறும் காலையில் பத்து நிமிஷம் க்ஷேமலாபம் விசாரித்த மனிதர் ஊகித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மறுநாள், டிசம்பர் 2-ந் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. நமது கைக்கருவியின் குரல் கரைந்துபோன அதே இடம்! அந்த இடத்தைத் தாண்டித்தான் நமது தமக்கையின் செய்தி முதல் நாளே வந்து சேர்ந்திருந்தது.

இதில் யந்திரத்தின் பெருமை ஒரு பங்குதான். நாம் அன்று பொத்தானை இரண்டு விநாடி முன்னதாக அழுத்தியிருந்தால், எந்தப் பெட்டியும் நமக்கு உதவியிராது. பெரியவர் இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். வலுவான நிலையங்கள் இடைவெளியின்றிப் பேசியதால் உள்ளே நுழைய முடியவில்லையாம். அதைக் கேட்டபோது, முதல் மாதத்தில் நாம் செய்த பிரசங்கங்களின்போது கை தூக்கிய அந்த மூன்று பேரும் எதற்காகத் தூக்கினார்களோ என்று நினைத்து நமக்கு நெஞ்சு திக்கென்றது.

யந்திரம் வாங்க நினைக்கும் வாசகர்கள் எங்களுக்குத் தாராளமாக எழுதலாம். எந்தப் பெட்டி, எந்தக் கேபிள், எத்தனை அடி மூங்கில் என்பதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லுவோம். காதை மட்டும் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

நமது மனைவி இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பன்னிரண்டு வயது நிரம்பிய நமது பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள். தாயாரோ தினமும் காலையில் காப்பி டம்ளரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "திண்டிவனத்துக்காரர் வந்தாச்சா?" என்று கேட்கிறார். நாம் பதில் சொல்வதில்லை. கையைச் சற்று உயர்த்திக் காட்டுகிறோம். மூன்று விநாடி ஆகட்டும் என்று அவருக்கும் இப்போது தெரியும்.